பொதுச் சுவர்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். போன் மறுபடியும் பால் கேனுக்குள் விழுந்துவிட்டது. துடைத்துக் காயவைத்ததில் திரை மட்டும் எரிகிறது, பேச்சு வரவில்லை. "இது மூணாவது போன். பேசாம மாட்டுக்கே ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க" என்கிறாள் என் மனைவி. ஒரு வகையில் நல்லதுதான். போனில் பேசினால் நீ சட்டமன்றக் குழுவில் பேசுவதுபோலவே பேசுகிறாய். நான் சொல்ல வந்ததை மறந்துபோகிறேன்.

நம் பழைய கறவையாள் செருமல்காரர் இறந்துபோய்விட்டார். நீ வர முடியாது என்று தெரியும், கூட்டத்தொடர் நடக்கிறதே. அதனால்தான் எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன். நுரையீரல் என்றார் டாக்டர். கடைசி நாள் வரை படுக்கையிலிருந்தே எந்த மாட்டுக்கு என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் அந்தப் பலகைக் கதவு இருக்கிறதல்லவா, அதைத் திறந்தால் கொட்டகை முழுவதும் தெரியுமே. அப்பா எதற்காக அந்த அறையைக் கொட்டகைச் சுவரோடு சேர்த்துக் கட்டினார் என்று நீ சின்ன வயதில் கேட்டாய். மாடு கன்று போடும்போது ஆள் எழுந்து வரத் தாமதமாகக் கூடாது என்பதற்காக.

அவர் கொட்டகைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று செருமுவது உனக்கு நினைவிருக்கும். இரண்டு சின்னது, ஒன்று நீளம். அதைக் கேட்டதுமே மாடுகள் பால் இறக்கத் தொடங்கிவிடும். கறவை மெஷினை மாட்டுவது பெயருக்குத்தான். இப்போது மெஷின் உறிஞ்சுகிறது, மாடுகள் மடியை இறுக்கிக்கொண்டு நிற்கின்றன. நானும் செருமிப் பார்த்தேன். ஓரத்தில் நிற்கும் கருப்பி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாணி போட்டது.

உங்கள் மசோதா பற்றிப் பேப்பரில் படித்தேன். வேலையாட்களுக்கு வீடு கட்ட மானியம், தீவனச் செலவில் பாதி அரசு ஏற்கும் என்கிறார்களே, உண்மையா? நிறைவேறுமா? எங்கள் சாலையில் இந்த வருடம் மட்டும் மூன்று பண்ணைகள் பூட்டிவிட்டன. தீவனக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். மணி அடிக்காத போன்.

இன்னொன்று. சிரிக்காதே. விடியற்காலையில் அந்தச் செருமல் இன்னும் கேட்கிறது. அறைப் பக்கத்திலிருந்து. அது கேட்கிற நாளில் மாடுகள் பால் இறக்கிவிடுகின்றன. புதிதாக ஒரு கறவைத் தம்பதியை அழைத்து வந்து தீவனக் கிடங்கில் தங்கவைத்தேன். அவர்களுக்கும் கேட்டது. வந்த வாரமே மூட்டையைக் கட்டிவிட்டார்கள்.

செருமல்காரர் மனைவி இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறார். இருக்கட்டும், எங்கே போவார்.

அன்புடன்
உன் தம்பி


ஜனவரி 23

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. செருமல்காரர் போன செய்தியை அலுவலக மேசையில் வைத்துப் படித்தேன். எதிரே ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் வந்த வேலையை முடித்து அனுப்பிவிட்டு மறுபடி படித்தேன். ஒரு வரி முன்னாலேயே எழுதியிருக்கலாம். வந்திருப்பேனோ மாட்டேனோ, அதை நான் முடிவு செய்திருப்பேன்.

செருமல் விஷயத்துக்கு நான் சிரிக்கவில்லை. மாடும் இருமும், மனிதர்களும் இருமுவார்கள். அந்த அறையில் ஒருவர் இருக்கிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவரும் அத்தனை வருடம் அதே சுவரோரம் படுத்து அதே காற்றைச் சுவாசித்தவர். பேயை விசாரிப்பதற்கு முன் அவரை டாக்டரிடம் அழைத்துப் போ.

மசோதா உண்மை. வரைவு எங்கள் பிரிவில்தான் தயாராகிறது. நிறைவேறிவிடும் என்றே நினைக்கிறேன். இரண்டு பக்கமும் தேர்தலை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று தெரிந்துகொள். கொட்டகையோடு பொதுச் சுவர் உள்ள எந்த அறையும் வீடாகக் கணக்கில் வராது. ஆய்வு நடக்கும் நாளில் அப்படிப்பட்ட அறையில் ஒருவர்கூட வசிக்கக் கூடாது. அந்த வாக்கியம் நான் எழுதியது. எழுதும்போது நம் அறைதான் கண்ணில் இருந்தது. ஈரச் சுவர், ஒற்றை மின்விளக்கு, வைக்கோல் தூசி. குழுவில் ஒருவர், "இவ்ளோ கடுமையா இருக்கணுமா மேடம்?" என்று கேட்டார். இருக்க வேண்டும் என்றேன்.

பண்ணையின் உரிமையாளர்கள் எல்லோரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். பாதி என் பெயரில் இருப்பதால் என்னுடையதும் தேவைப்படும். அனுப்பு.

உன் மனைவியிடம் விசாரித்ததாகச் சொல். போனைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொள்.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது சரி. எப்போதும் போல. பேய் பிடிபட்டது.

அன்று மெஷினை மாட்டிவிட்டுச் சத்தம் போடாமல் சுற்றிப்போய் அறைக் கதவைத் தள்ளினேன். செருமல்காரர் மனைவி கட்டிலில் மண்டியிட்டு, பலகைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து அதில் வாயை வைத்திருந்தார். கணவரின் துண்டைத் தலையில் சுற்றியிருந்தார். இரண்டு சின்னது, ஒன்று நீளம். அக்கா, உள்ளே இருப்பவர் யார் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், என் முதுகு சில்லிட்டுப்போனது. அது ஆம்பிளைத் தொண்டை. செருமல்காரருடைய தொண்டை.

"என்னம்மா இது?" என்றேன்.

அவர் பதறவில்லை. "மெஷின் சத்தம் கேட்டுச்சு தம்பி. அதுங்க இறக்காம நின்னா நீங்க ரொம்ப நேரம் உறிஞ்ச விடுவீங்க. காம்பு புண்ணாயிடும்."

"நான்தான் செய்யறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு குடும்பமே பயந்து ஓடிடுச்சே."

"சொன்னா அதுங்களுக்குத் தெரிஞ்சுடாதா?" என்றார். மாடுகளைத்தான் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி நம்பவில்லை. "அந்தம்மா செருமினது சரி. அவங்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு செருமினது யாரு?" என்றாள். நீ சொன்னபடி டாக்டரிடம் அழைத்துப்போனது கறவை முடிந்த பிறகா முன்னாலா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அவளோடு யார் வாதாடுவது.

சட்டம் நிறைவேறிவிட்டது என்று பார்த்தேன். உனக்கு வாழ்த்து. எங்கள் பால் சங்கத்தில் எல்லோரும் உன்னைப் பற்றியே பேச்சு. "உங்க அக்கா போட்ட சட்டமாமே, எங்களுக்கும் சொல்லி வைங்க" என்கிறார்கள், என்னவோ நீ வீட்டுத் தின்பண்டம் பங்கு வைப்பதுபோல. விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. நம் மாடுகளின் எண்ணிக்கைக்கு ஒரு வீடுதான் கிடைக்குமாம்.

உன் தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து நிம்மதியாக இருந்தது. வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தேன், மாடுகளுக்குத் தெரிந்துவிடும் என்று அவர் சொன்னதற்காக.

விண்ணப்பத்தைப் பார்த்தேன். "பண்ணையில் தற்போது உள்ள வேலையாட்கள்" என்ற இடத்தில் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். தவறு. சட்டத்தின் இரண்டாம் பக்கத்தைப் படி: பால் உற்பத்தி தொடர்பான எந்த வேலையைச் செய்பவரும் வேலையாளே, கூலி பெற்றாலும் பெறாவிட்டாலும். மாடுகளைப் பால் இறக்கவைப்பது வேலை இல்லை என்றால் வேறு எது வேலை? செருமல்காரர் மனைவியும் வேலையாள். கட்டப்போகிற வீடு அவருக்கு உரியது. அவரை அதில் சேர்த்துத் திருத்தி அனுப்பு, அன்றைக்கே கையெழுத்திடுகிறேன்.

உன் கவலை எனக்குப் புரிகிறது. ஒரு வீட்டில் அவர் இருந்துவிட்டால் புதுக் கறவையாளை எங்கே வைப்பது என்று நினைப்பாய். உன் வீட்டு முன்னறை நான் போன பிறகு பூட்டியே கிடக்கிறது. அவர் அங்கே இருக்கலாம். அல்லது வேலையாட்கள் அங்கே இருக்கட்டும், அவர் புது வீட்டில். யோசித்து எழுது.

டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோடையில் இரண்டு மாடு படுத்துவிட்டன, ஒன்று எழுந்துகொண்டது.

முன்னறை பற்றி வீட்டில் பேசினேன். "செத்தவர் செருமறார், இருக்கறவர் குறட்டை விடறார். அந்தம்மாவும் உள்ள வந்துட்டா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள். அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவளும் விடியற்காலையில் அதைக் கேட்கிறவள்தான்.

அதற்குள் ஆய்வாளர் தேதி கொடுத்துவிட்டார். செருமல்காரர் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். அவராகவே போகிறேன் என்றார். டாக்டர் ஏதோ மாத்திரை கொடுத்தார், அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஆய்வாளர் நல்ல மனிதர். அறைக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல சார். தீவனம் போட்டு வெப்போம்."

மூலையில் அடுப்புக் கரி படிந்திருந்ததைக் காட்டினார். "தீவனம் அதுவே சமைச்சுச் சாப்பிடுமா?"

நான் அந்தக் கரியைக் காலால் தேய்த்தேன். அவர் அறிக்கைத் தாளை விரித்தார். பிறகு, "போற பண்ணையெல்லாம் இப்படித்தான் இருக்கு. சரி, இன்னிக்கு யாரும் இல்லதானே" என்று எழுதிக்கொண்டார்.

அக்கா, இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். செருமல்காரர் மனைவி போய்விட்டார். அறையில் ஆள் இல்லை, கட்டில் இல்லை. பலகைக் கதவை நானே ஆணி அடித்து மூடினேன். மறுநாள் விடியற்காலையில் மெஷினை மாட்டப் போகிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு சின்னது, ஒன்று நீளம். மாடுகள் எல்லாம் ஒன்றாகத் தலையைத் தூக்கின. பால் அப்படி இறங்கியது, அவர் இருந்த காலத்தில்கூட அப்படி இறங்கியதில்லை. தினமும் நடக்கிறது. கறவை நல்ல கறவை. நான்தான் ஆள் பாதியாகிவிட்டேன்.

உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தாமதிக்காதே.

உன் தம்பி


மே 18

தம்பிக்கு,

அவருக்குத் தங்கை கிடையாது. அம்மா ஒருமுறை, கொஞ்ச நாள் பிறந்த வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வரச் சொன்னபோது அவர் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எனக்குப் பொறந்த வீடும் இல்ல, புகுந்த வீடும் இல்லம்மா. இந்த ரூம்தான்." நீயும் அப்போது அங்கேதான் இருந்தாய், சாப்பிட்டுக்கொண்டு.

அவரை எங்கே அனுப்பினாய்?

எங்கள் அலுவலகத்துக்கு ஆய்வு அறிக்கைகள் வந்துகொண்டிருக்கின்றன. பொதுச் சுவர் உள்ள அறைகள்: வசிப்பவர் எவரும் இல்லை. அடுத்த பண்ணை: வசிப்பவர் எவரும் இல்லை. முதல் கட்டைப் படித்தபோது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சட்டம் இவ்வளவு வேகமாக வேலை செய்து பார்த்ததில்லை என்றார் எங்கள் மேலதிகாரி. எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. உன் கடிதத்தில் ஆய்வாளர் சொன்னதைப் படிக்கும் வரை. ஒருவர்கூட வசிக்கக் கூடாது என்று எழுதினேன். அவர்கள் எங்கே வசிக்க வேண்டும் என்று எழுதவில்லை. நல்ல அறைக்கு மாற்றுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பண்ணையில் பிறந்தவள் அப்படி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

செருமல் பற்றி எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. ஆனால் நீ பொய் சொல்கிறாய் என்றும் நினைக்கவில்லை.

அவர் திரும்பி வந்து, அவர் பெயர் விண்ணப்பத்தில் ஏறிய பிறகுதான் கையெழுத்து. இதில் மாற்றம் இல்லை. பண்ணை போய்விடும் என்று எழுதுவாய். தெரியும். அது எனக்கும் அப்பா வீடுதான்.

அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வாளர் வருவதற்கு முந்தைய நாள் செருமல்காரர் மனைவியிடம் போய், கொஞ்ச நாள் வேறு எங்காவது இருக்க முடியுமா என்று கேட்டேன். "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். பால் வண்டியில் அவருடைய பெட்டியை ஏற்றிப் பேருந்து நிலையத்தில் இறக்கினேன். கையில் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். "நீங்க கெளம்புங்க, பால் கெட்டுடும்" என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கிளம்பிவிட்டேன். எந்தப் பேருந்தில் ஏறப்போகிறார் என்று கேட்கவில்லை, அக்கா.

உன் கடிதம் வந்த அன்றே போய்த் தேடினேன். டீக்கடைக்காரர், பெட்டியோடு ஒரு அம்மா சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். "பஸ் வரும், எழுந்திரிப்பாங்க. போகும், உக்காந்துக்குவாங்க. யாரையோ எதிர்பாக்கறாங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு கடையை மூடிவிட்டுப் போய்விட்டாராம். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

இனி நீ கோபப்படப் போகிற விஷயம். விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. பண்ணையில் வசிக்காத பங்குதாரரின் கையெழுத்து தேவையில்லை என்று பின்னால் ஒரு விதி சேர்த்திருக்கிறார்களாம். அலுவலகத்தில் அவர்களே எடுத்துக் காட்டினார்கள். நான் தேடிப் போகவில்லை. ஆனால் காட்டியபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எட்டு வயதிலிருந்து இந்தக் கொட்டகையில் நிற்கிறேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. உனக்குப் படிப்பு இருந்தது, போனாய். குத்திக்காட்ட எழுதவில்லை.

முதல் தவணை வந்தது. அடித்தளம் போட்டாயிற்று. மழைக்கு முன் ஒரு கறவைத் தம்பதி வருகிறார்கள். பழைய அறையை இடித்துவிட்டோம். கூரை, மூன்று சுவர், எல்லாம் போய்விட்டது. நான்காவது சுவரை இடிக்க முடியாது, அது கொட்டகைக்கும் சுவர். இப்போது அதற்கு அந்தப் பக்கம் வெறும் தரை.

அந்தத் தரையிலிருந்துதான் கேட்கிறது. போய் நின்று பார்த்தேன், ஒன்றும் இல்லை. உள்ளே வந்தால் கேட்கிறது. முன்பெல்லாம் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். இப்போது மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு அது வருவதற்காகக் காத்திருக்கிறேன். வராமல் நான் மாட்டுவதில்லை. மாடுகளும் நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

ஒரு வரியாவது எழுது.

உன் தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

இதற்கு மேல் தாமதித்தால் வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்வாய். அது சரியில்லை.

நேற்று குழு கூடியது. திருத்தம் கேட்டேன்: ஓர் அறை காலியாக இருந்தால் மட்டும் போதாது, அதில் இருந்தவர் இப்போது எங்கே வசிக்கிறார் என்று காட்ட வேண்டும், காட்ட முடியாத பண்ணைக்கு அடுத்த தவணை கிடையாது. எங்கேயாவது அப்படி நடந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று நம் பண்ணையைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். பால் வண்டி, பெட்டி, பேருந்து நிலையம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இது உங்க குடும்ப விஷயம் மாதிரி இருக்கே."

"ஆமா சார். அதனாலதான் எனக்குத் தெரிஞ்சுது" என்றேன்.

திருத்தம் நிறைவேறுமா என்று தெரியாது. பரிசீலிக்கிறோம் என்றார்கள். அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குப் பழக்கம். ஆனால் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் என்று நம் பண்ணையின் தவணை நேற்றே நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் புகார் கொடுத்தவராக என் கையெழுத்து தேவைப்பட்டது, போட்டேன். புது வீடு அடித்தளத்தோடு நிற்கும். கறவையாட்கள் வரமாட்டார்கள். நீ மாடுகளை விற்க வேண்டி வரலாம். தெரிந்தேதான் செய்தேன். உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

வசிக்காத பங்குதாரர் விதி எங்கள் பிரிவில்தான் தயாரானது. என் மேசை வழியாகவே போயிருக்கிறது. படித்துவிட்டு நியாயம்தான் என்று அனுப்பியிருப்பேன்.

நீ எழுதியதிலிருந்து விடியற்காலையில் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. படுத்தபடியே கேட்டுப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக் குழாய், தெருவில் ஒரு வண்டி. வேறு ஒன்றும் இல்லை. நான் நினைத்ததுதான். எனக்கு அது ஆறுதலாக இல்லை. உனக்காவது அந்தச் செருமலில் அவர்கள் இருவரும் இருக்கிறார்கள் என்று ஒருநாள் தோன்றியது. எழுந்து விளக்கைப் போட்டு வரைவுகளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு நாள் என்று குறிப்பிடவில்லை. அந்தப் பேருந்து நிலையத்திலிருந்து எந்தெந்த ஊருக்குப் பேருந்து போகிறதோ அத்தனையிலும் ஏறி இறங்கிச் செருமல்காரர் மனைவியைத் தேடப் போகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன், உன் மனைவியிடம் கலங்க வேண்டாம் என்று சொல். தங்க இடம் பார்த்துக்கொள்வேன்.

அவர் முகம் எனக்கு நன்றாக நினைவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பலகைக் கதவு வழியாக ஒரு கை மட்டும் தெரியும், அப்பாவிடம் விளக்கை வாங்க. நீ தினமும் பார்த்தவன். கூட ஒருவர் வந்தால் தேடுவது எளிது.

வருவாயா என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை தலைநகரிலிருந்து வரும் முதல் பேருந்தில் வருகிறேன். டீக்கடை திறக்கும் நேரத்துக்கு அங்கே இருப்பேன்.

அக்கா